வைஃபை ஆனில் இருந்தால் சார்ஜ் காலியாகுமா? உங்கள் போன் போடும் கோழித்தூக்கம்!

"சார்ஜ் நிக்கவே மாட்டேங்குது, முதல்ல வைஃபையை ஆஃப் பண்ணு!" பல வீடுகளில் இரவு படுக்கும் முன் கேட்கும் குரல் இது. ஆனால், வீட்டுக்குள் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவுக்கு மாறினால், பெரும்பாலும் சார்ஜ் மிச்சமாகாது. டவர் சிக்னல் சரியாகக் கிடைக்காத வீடு என்றால், இன்னும் வேகமாகவே இறங்கும்.

காரணம் எளிது. வைஃபையில் இருக்கும் போன் எந்நேரமும் விழித்திருப்பதில்லை.

வாட்ச்மேன் ரவுட்டர்

1997-ல் வெளியான 802.11 என்ற முதல் வைஃபை விதிமுறையிலேயே இந்த வசதி உண்டு. வேலை இல்லாதபோது, "நான் தூங்கப்போகிறேன்" என்று ரவுட்டருக்குச் சொல்லிவிட்டு, போன் தன் வைஃபை ரேடியோவை அணைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் வரும் மெசேஜ்களை, அப்பார்ட்மென்ட் வாட்ச்மேன் கூரியரை வாங்கி வைப்பதுபோல ரவுட்டர் வாங்கி வைக்கும். யாருக்கெல்லாம் பார்சல் வந்திருக்கிறது என்பதை நொடிக்குச் சுமார் 10 முறை அறிவித்துக்கொண்டே இருக்கும். போன் அவ்வப்போது கண்விழித்து அதைக் கேட்கும். தனக்கு எதுவும் இல்லையென்றால் மறுபடி தூங்கிவிடும்.

வைஃபை 6-ல் இது இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. எப்போது விழிக்க வேண்டும் என்பதை ரவுட்டரும் கருவியும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம். இதற்கு 'டார்கெட் வேக் டைம்' என்று பெயர். பேட்டரியில் இயங்கும் சென்சார்களுக்கு இது பெரிய வரம். ஆனால், ரவுட்டர், கருவி இரண்டிலும் இந்த வசதி இருக்க வேண்டும்.

தூக்கத்தைக் கெடுப்பவை எவை?

* பலவீனமான சிக்னல்: ஒரே தகவலைத் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டியிருப்பதால், போன் அதிக நேரம் விழித்திருக்கும். ரவுட்டரை டிவிக்குப் பின்னாலோ, பீரோ மேலோ ஒளித்துவைக்காமல், வீட்டின் நடுப்பகுதியில் சற்று உயரமாக வையுங்கள்.

* ஹாட்ஸ்பாட்: இப்போது உங்கள் போன்தான் வாட்ச்மேன். மற்றவர்கள் தூங்கலாம், அது தூங்குவது கடினம். பயணத்தில் அப்பாவின் போன் மட்டும் சீக்கிரம் சூடாகி, சார்ஜ் தீர்வது இதனால்தான். வேலை முடிந்ததும் அணைத்துவிடுங்கள்.

* வைஃபை ஸ்கேனிங்: ஆண்ட்ராய்டு போன்களில், வைஃபை ஆஃப் ஆகியிருந்தாலும் இருப்பிடத்தைக் கண்டறிய அக்கம்பக்கத்து நெட்வொர்க்குகளை போன் தேடலாம். லொக்கேஷன் செட்டிங்ஸில் இதை நிறுத்தலாம்.

* ஓயாத ஆப்கள்: ஒவ்வொரு நோட்டிஃபிகேஷனும் போனைத் தட்டி எழுப்பும். தேவையில்லாத ஆப்களின் நோட்டிஃபிகேஷனையும் பின்னணி இயக்கத்தையும் நிறுத்துங்கள்.

இனி இரவில் வைஃபையை அணைக்கச் சொல்வதற்கு முன், ரவுட்டர் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். போன் நிம்மதியாகத் தூங்கினால், காலையில் சார்ஜும் மிச்சமிருக்கும்!