கீமோ குழாய் போட்ட குழந்தைக்குக் காய்ச்சலா? ஒரு மணி நேரம்தான் கணக்கு!

மணப்பாட்டில் வளரும் பிள்ளையைக் கடலில் இறங்காதே என்று தடுப்பது லேசான வேலையில்லை. ஆனால், கீமோவுக்காகக் கையிலோ மார்பிலோ குழாயோடு ஊர் திரும்பும் குழந்தைக்கு அந்தத் தடை கட்டாயம்.

எதற்கு இந்தக் குழாய்?

குழந்தைகளுக்கு அதிகம் வரும் புற்றுநோய், அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுகேமியா. சிகிச்சை 2 முதல் 3 ஆண்டுகள் வரை நீளும். ஒவ்வொரு முறையும் ஊசி குத்தினால் பிள்ளையும் தாங்காது, நரம்பும் தாங்காது. வின்கிரிஸ்டின், டாக்ஸோரூபிசின் போன்ற மருந்துகள் நரம்புக்கு வெளியே கசிந்தால் சதையே புண்ணாகிவிடும். அதனால்தான் இதயத்துக்குப் பக்கத்திலுள்ள பெரிய ரத்தக்குழாய் வரை போகிறது இந்த லைன். கை வழியாகப் போனால் ‘பிக் லைன்’. மார்பிலிருந்து வெளியே தொங்கினால் ‘ஹிக்மேன்’ (சியாட்டில் டாக்டர் ராபர்ட் ஹிக்மேன் பெயர்தான்). தோலுக்கு அடியில் புதைத்தால் ‘கீமோ போர்ட்’. போர்ட்டுக்கு ஆபரேஷன் வேண்டும், செலவும் கூடுதல்.

பெரிய பயம் எது?

கிருமித் தொற்று. மருந்து போகும் அதே வழியில் கிருமியும் நேரே ரத்தத்தில் இறங்கும். கீமோவால் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் உடம்பு அதை எதிர்க்காது. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டாலே அவசரம். லைனை ஃபிளஷ் செய்த கொஞ்ச நேரத்தில் குளிர் நடுக்கம் வந்தால் சந்தேகமே வேண்டாம், உடனே கிளம்ப வேண்டும். “லேசான சூடுதானே, பாராசிட்டமால் கொடுத்துப் பார்ப்போம்” என்பதுதான் வீட்டில் நடக்கிற தப்பு. காய்ச்சல் மறையும், கிருமி இருக்கும்.

ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்பது மருத்துவர்களின் இலக்கு. அடையாறு புற்றுநோய் மையத்திலோ வேலூர் சிஎம்சியிலோ கீமோ நடந்தாலும், காய்ச்சலோடு சென்னைக்கோ வேலூருக்கோ பஸ் ஏறக் கூடாது. திருச்செந்தூரா, தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையா, எங்கே ஓடுவது என்பதை டிஸ்சார்ஜ் அன்றே டாக்டரிடம் கேட்டு முடிவு செய்துவிடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி எப்போதும் கையில் இருக்கட்டும்.

வேறு சிக்கல்கள்?

கை, கழுத்து வீங்கினால் ரத்தக்கட்டாக இருக்கலாம். ஆஸ்பராஜினேஸ் மருந்து அந்த வாய்ப்பைக் கூட்டும். லைன் அடைத்தால் பலமாகத் தள்ளக் கூடாது. சின்ன சிரிஞ்சில் அழுத்தம் அதிகம், குழாய் வெடிக்கலாம். 10 மில்லி சிரிஞ்ச் கேட்பது அதனால்தான். குழாய் அறுந்தால், அறுந்த இடத்துக்கும் உடம்புக்கும் நடுவே மடக்கிப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். மருந்து ஏறும்போது “எரியுது” என்று பிள்ளை சொன்னால், நர்ஸ் உடனே நிறுத்தியாக வேண்டும்.

அப்போ கடல்?

பிக் லைன், ஹிக்மேன் இருக்கும்வரை கடலும் குளமும் கிடையாது. போர்ட் என்றால், காயம் ஆறி, ஊசி எடுத்து, ரத்த அணுக்களும் தேறியிருந்தால் டாக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம்.