நிக்கல் ஊக்கியும் அதன் கட்டும்

சோளகக் காற்று வீசுங்காலத்தில் நெடுந்தீவின் மாவிலித்துறையில் படகு கட்டுவோர் இரண்டினை ஒருங்கே கருதுதல் வேண்டும். அலை எவ்வளவு அடித்தாலும் கயிறு நெகிழலாகாது. புறப்படும் வேளை வந்ததும் முடிச்சு ஓர் இழுவையில் அவிழவும் வேண்டும். முன்னது தவறினால் படகு போகும். பின்னது தவறினால் பயணம் போகும். நிக்கலைக் கையாளும் இரசாயன அறிஞருக்கும் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் இதுவே இடர்ப்பாடாயிருந்தது.

உலோகமாக இருக்கையில் நிக்கல் சாதுவானது. இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும் உப்புக்காற்றையும் நிக்கற்பூச்சு தாங்கும். அந்நிக்கலை நுண்தூளாக்கி, அதன்மீது எதிலீன் வாயுவையும் ஐதரசனையும் செலுத்தினால் இரண்டும் கூடுவதைப் பிரெஞ்சு அறிஞர் போல் சபத்தியே 1897இல் கண்டார். 1912இல் நோபல் பரிசும் பெற்றார். தாவர எண்ணெயைக் கெட்டியாக்கி மாஜரீன் செய்யும் கைத்தொழில் அவ்வழி வந்ததே.

எதிலீனிலும் எண்ணெயிலும் பொதுவாயிருப்பது, இரு காபன் அணுக்களுக்கிடையேயுள்ள இரட்டைப் பிணைப்பு. இத்தகைய சேர்வைகளை ஒலிபீன் என்றும் அற்கீன் என்றும் வழங்குவர். இருவர் ஒருவரையொருவர் இரு கைகளாலும் பற்றி நிற்பதாகக் கொள்க. ஒரு பிடியை விடுவித்தால், ஒவ்வொருவரின் வெறுங்கையிலும் ஒரு பொருளைக் கொடுக்கலாம். ஐதரசனை மட்டுமன்றி, வெவ்வேறு காபன் கூட்டங்களையும் அவ்வாறு ஏற்றினால், மருந்தாக்கத்திற்கு வேண்டிய சிக்கலான மூலக்கூறுகள் உருவாகும். அதற்குத் தூள் போதாது. கரைசலிலே தனித்தியங்கும், மின்னேற்றமற்ற நிக்கல் அணு வேண்டும். தனித்த அணுவோ, சாதுவான குணத்தை முற்றும் இழந்து, ஒட்சிசனைக் கண்டமாத்திரத்தில் கெடும்.

இந்த அணுவைக் கட்டிவைக்கும் கயிறுகளும் ஒலிபீன்களே என்பது இதிலுள்ள வேடிக்கை. ஜெர்மனியின் முல்கைம் நகரில் குந்தர் வில்கே 1960இல் எட்டுக்காபன் வளையங்கள் இரண்டினால் நிக்கலைப் பிணித்தார். வளையத்துக்கு இரண்டாக நான்கு இரட்டைப் பிணைப்புகள் அணுவைத் தாங்கின. போத்தலில் இருப்பது ஊக்கியன்று, முன்னூக்கி. குடுவையில் கட்டவிழ்ந்த பின்னரே அது ஊக்கியாகும். வில்கேயின் முடிச்சு எளிதில் அவிழ்ந்தது, காற்றுப்பட்டாலும் அவிழ்ந்தது. ஆகவே குளிரில் வைத்து, நைதரசன் நிரப்பிய பெட்டியினுள் கையுறை வழியே கையாளவேண்டியதாயிற்று. அப்பெட்டியோ விலை மிக்கது. சிறிய ஆய்வுகூடங்கள் தயங்கியதில் வியப்பில்லை.

2020இல் இரு தீர்வுகள் வெளிவந்தன. அதே முல்கைம் நிலையத்தில் ஜோசப் கொர்னெல்லாவின் குழு, புளோரின் கூட்டங்களை ஏற்றிய மூன்று ஸ்டில்பீன்களால் நிக்கலைக் கட்டியது. இவ்வொலிபீன்கள் நிக்கலின் இலத்திரன்களைத் தம்பால் ஈர்த்து, பிணைப்பை இறுக்குகின்றன. பருமனால் அணுவைச் சூழ்ந்தும் காக்கின்றன. அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிலையத்தில் கீரி எங்கிளின் குழு, வில்கேயின் வளையம் ஒன்றை நீக்கி, டியூரோகியூனோனை அமர்த்திய சேர்வையைப் பயன்படுத்திற்று. அச்சேர்வை புதியதன்று, 1960களில் ஆக்கப்பட்டு, நெடுங்காலம் ஏடுகளில் உறங்கியது. இரண்டையும் திறந்த மேசையில் நிறுத்து எடுக்கலாம்.

ஆயினும் இறுகிய முடிச்சு எல்லா வேளையும் உதவாது. சில தாக்கங்களில் கியூனோன் விலகச் சூடேற்றவேண்டும். விலகிய கியூனோன் குடுவையிலேயே தங்கி இடையூறும் செய்யலாம். ஆதலின் எங்கிளின் குழுவினர் கியூனோனின் இடத்தில் வேறு மூலக்கூறுகளையும் அமர்த்தி, எந்தத் தாக்கத்துக்கு எவ்வளவு இறுக்கம் தகும் என்று ஒவ்வொன்றாகச் சோதித்து வந்துள்ளனர்.