பெல்ட் தேய்ந்தால் பிழைப்பு நிற்கும்!
குர்லாவில் பிறந்த பத்மினி சொல்லும் பாடம்

சிக்னலில் நின்ற டாக்ஸி கிளம்புகிறது. 'கீச்' என்று ஒரு சத்தம். இரண்டு நொடியில் அடங்கிவிடுகிறது. டிரைவரும் மறந்துவிடுகிறார். ஆனால், பெல்ட் கொடுத்த முதல் எச்சரிக்கை அது!

மும்பைத் தெருக்களில் பல்லாண்டு ஓடிய கருப்பு-மஞ்சள் பிரீமியர் பத்மினியின் பிறப்பிடம் குர்லா. வால்சந்த் ஹீராசந்த் 1944-இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், இத்தாலியின் பியட் 1100 காரை இங்கே தயாரித்தது. 1970-களில் அது 'பத்மினி' ஆயிற்று. கடைசி பத்மினி டாக்ஸி 2003-இல் பதிவாகி, 20 ஆண்டு வயது வரம்பு முடிந்து, 2023 அக்டோபரில் விடைபெற்றது. ஆனால், அது கற்றுத்தந்த பாடம் எல்லா வண்டிக்கும் பொருந்தும்.

ஒரு பெல்ட், மூன்று வேலை

விசிறி, தண்ணீர் பம்பு, டைனமோ மூன்றையும் சுழற்றுவது ஒரே பெல்ட்தான். அது அறுந்தால் சார்ஜ் விளக்கு சிவப்பாக எரியும், இன்ஜின் கொதிக்கும். உடனே ஓரம் கட்ட வேண்டும். சூடாக இருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று ஓட்டினால் கேஸ்கட் போய், ஹெட்டும் வளைந்துவிடும். பெல்ட் விலையைப் போல் பல மடங்கு செலவு. வண்டி ஷெட்டில் கிடக்கும் நாட்களில் வருமானமும் இல்லை.

தேய்மானம் சொல்லும் காரணம்

பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடிபோல் பளபளத்தால், தளர்ந்து வழுக்குகிறது என்று பொருள். ஒரு ஓரம் மட்டும் பிசிறடித்தால், புல்லிகள் நேர்கோட்டில் இல்லை; நேரான கம்பியை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். உப்பி மெத்தென்றிருந்தால் ஆயில் பட்டிருக்கிறது. முதலில் கசிவை அடைக்க வேண்டும்.

புது பெல்ட்டும் வழுக்குகிறதா? புல்லிப் பள்ளத்தின் அடியைப் பாருங்கள். அந்த 'வி' பெல்ட் பக்கங்களால்தான் பிடிக்க வேண்டும். அடிப்பகுதி பளபளத்தால் பெல்ட் அங்கே உட்காருகிறது, தேய்ந்தது புல்லி. அடிக்கடி பெல்ட் போனால், அதைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரத்தால் பேரிங் கோளாறு.

அதிக இறுக்கமும் ஆபத்து

இன்ஜினை நிறுத்திவிட்டு, பெல்ட்டின் நீளமான பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் அமுங்க வேண்டும். அதற்கு மேல் இறுக்கினால் பம்பு, டைனமோ பேரிங்குகள் போய்விடும். புது பெல்ட் சற்று நீளும். சில நாள் ஓடியதும் மறுபடி பார்க்க வேண்டும்.

சில வேகக் கார்களில் இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜர் உண்டு. அதன் புல்லியைச் சுழற்றும் வரிப்பள்ள பெல்ட்டுக்கும் நேர்கோடும் இறுக்கமும்தான் உயிர். வழுக்கினால் காற்றழுத்தம் குறையும், வேகமும் குறையும். புல்லியைச் சுற்றிப் படியும் கருந்தூளே அதன் அடையாளம்.

காலையில் வண்டியை எடுக்குமுன் பானட்டைத் திறந்து ஒரு நிமிடம் பார்த்தால் போதும். அன்றைய வருமானம் அன்றைக்கே வீடு வந்து சேரும்!