இருளில் கிடக்கும் இழைகள்

1994ஆம் ஆண்டிலே, சுவீடன் நாட்டின் தலைநகராகிய ஸ்டொக்ஹோமின் மாநகரசபை தனக்கே உரியதாக ஒரு கம்பனியை நிறுவிற்று. ஸ்டோக்காப் என்பது அதன் பெயர். நகரின் நிலத்தின்கீழ் ஒளியிழைகளைப் பதித்து, வேண்டுவோர் யாவருக்கும் அவற்றை வாடகைக்கு விடுவதே அதன் தொழில். ஒளியூட்டும் கருவிகளை வாடகைக்கு எடுப்பவரே இரு முனைகளிலும் வைத்துக்கொள்ளல் வேண்டும். ஒளியூட்டாத இழையை ‘இருளிழை’ என்பர், அழகான பெயர்.

தொலைத்தொடர்புத் துறை போட்டிக்குத் திறந்துவிடப்பட்ட காலம் அது. கம்பனிக்கு ஒருமுறையாக ஒரே வீதியைப் பலமுறை தோண்டுவதை மாநகரசபை விரும்பவில்லை.

இழையின் பருமன் ஒரு மில்லிமீற்றரின் எட்டிலொரு பங்கேயாகும். தோண்டி மூடும் செலவோடு ஒப்பிடின் அதன் விலை அற்பம். ஆதலின், ஒருமுறை தோண்டும்போதே இன்றைய தேவைக்கு மேற்பட்ட இழைகளையும், வெறுங் குழாய்கள் சிலவற்றையும் உடன் புதைத்துவிடுதல் நன்று. பயன்படாது கிடக்கும் பொருளுக்குப் பொதுப்பணத்தைச் செலவிடலாமோ என்று கேட்பாரும் உளர். ஓரிழையிலேயே பல நிற ஒளிகளைச் செலுத்தி அதன் ஆற்றலைப் பன்மடங்காக்கலாமே, பல இழைகள் எதற்கு என்பது அவர்தம் வாதம். கூரிய வாதந்தான், எனினும் என் மனம் அதற்கு ஒப்பவில்லை. ஓரிழையைப் பலர் பகிரும்போது, அதன் முனையிலுள்ள கருவிக்கு உரியவன் மற்றையோர்க்கு எசமானன் ஆகிவிடுகிறான். தனித்தனி இழை பெற்றோரோ தத்தம் கருவியைத் தாம் விரும்பியவாறு மாற்றிக்கொள்வர். நாளை வரப்போகும் புதியவனுக்கும் இடம் இருக்கும்.

இன்னொன்று. ஓரிடத்தில் இழை அறுந்தால் மறுபுறமாகச் செய்தி செல்லும்படி வலையை வளையமாக அமைப்பது வழக்கம். ஸ்டொக்ஹோமோ 14 தீவுகளின்மேல் அமைந்த நகர். அத்தகைய நகரில் வளையத்தின் இரு கைகளும் ஒரே பாலத்தின் வழியே கடக்குமாயின், வரைபடத்தில் மட்டுமே அது வளையம். சிக்கனம் கருதி இவ்வாறு செய்யும் ஆசை பொறியியலாளர்க்கு எளிதில் எழும் என நினைக்கிறேன்.

முதலில் அலுவலகங்களையும் வணிக நிலையங்களையும் நாடிச் சென்ற ஸ்டொக்ஹோமின் இழை, பின்னரே மாநகரசபைக்குரிய குடியிருப்புக்களை அடைந்தது. இவ்வாறு காலம் தாழ்த்தியேனும் வீடுவரை இழையை நீட்டுவதற்கு, வீதிமுனைகளில் கிளைபிரிக்கும் குழிகளைத் தோண்டிய நாளிலேயே விட்டுவைத்திருத்தல் வேண்டும்.