ஒழுங்கின்றி ஓடும் டீசல் எஞ்சின்

வாய்க்காலில் நீர் வந்து, வயலை உழவேண்டிய வேளையில் உழவு இயந்திரம் நடுங்கி விட்டுவிட்டு ஓடுமாயின், கமக்காரர் அரிய நாட்களை இழக்க நேரிடும். ஆயினும், இக்குறைகளுட் பல வயலோரத்திலேயே நீக்கத்தக்கவை. எளியதை முதலிற் பார்த்தல் வேண்டும்.

டீசல் எஞ்சினில் மின்பொறி இல்லை. சிலிண்டரினுள் நெருக்கப்பட்ட காற்றின் சூட்டினாலேயே, நுண்டுளியாகத் தெளிக்கப்படும் டீசல் பற்றுகின்றது. ஆகவே தூய டீசல், போதிய காற்று, குறையாத அமுக்கம் என்னும் மூன்றும் இன்றியமையாதன.

1. நீரும் அழுக்கும்: வடிகட்டியின் அடித்திருகைத் தளர்த்தி, வடியும் டீசலைக் கண்ணாடிப் போத்தலில் ஏந்திச் சற்று நேரம் வைக்குக. நீர் இருப்பின் அடியில் தங்கும். தூய டீசல் வரும்வரை வடித்துவிடுக. அடைபட்ட வடிகட்டியை மாற்றுக. மாலையில் தாங்கியை நிரப்பிவைத்தால், இரவுக் குளிரில் அதனுள் நீர் படிவது குறையும்.

2. குழாயிற் காற்று: தாங்கி வற்றினாலும், பொருத்துகள் தளர்ந்தாலும் காற்றுப் புகும். பொருத்துகளை இறுக்கியபின், வடிகட்டியின் காற்றுத் திருகைத் தளர்த்திக் கைப்பம்பை இயக்குக. குமிழியின்றி டீசல் வந்ததும் திருகை இறுக்குக. பின்னர் இஞ்செக்டர் பம்பின் காற்றுத் திருகிலும் இவ்வாறே செய்க.

3. குறையுள்ள சிலிண்டர்: பல சிலிண்டர் கொண்ட எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, இஞ்செக்டர்க் குழாய்களின் நட்டுகளை ஒவ்வொன்றாகச் சிறிது தளர்த்தி, உடனே இறுக்குக. ஓட்டம் தளர்ந்தால் அச்சிலிண்டர் நன்று. மாறாதிருப்பின் குறை அங்கேயே உளது. எஞ்சினை நிறுத்தி, அதன் இஞ்செக்டரை வேறொரு சிலிண்டருக்கு மாற்றிப் பார்க்குக. குறையும் உடன் மாறினால் இஞ்செக்டரே பழுது. மாறாவிடின் வால்வையும் அமுக்கத்தையும் சோதிப்பிக்க வேண்டும்.

எச்சரிக்கை: உயர் அமுக்கத்திற் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உட்செல்லும். கையை அருகிற் கொண்டுசெல்லலாகாது. காயம் சிறிதாயினும் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுக. மின்னணு முறையில் இயங்கும் கொமன் ரெயில் எஞ்சின்களில் இச்சோதனையை ஒருபோதும் செய்யற்க.

4. புகையின் நிறம்: கரும்புகை, காற்றுக் குறைவையோ டீசல் மிகுதியையோ காட்டும், முதலிற் காற்று வடிகட்டியைத் துப்புரவாக்குக. எஞ்சின் சூடேறிய பின்னும் வெண்புகை நீடித்தால், டீசல் முற்றாக எரியவில்லை, அல்லது குளிர்த்தும் நீர் சிலிண்டருட் கசிகின்றது. நீலப்புகை, எஞ்சின் ஒயில் எரிவதன் அடையாளம்.

இஞ்செக்டர் பம்பின் முத்திரையை உடைத்துத் திருகுதல் தகாது. அதனைச் செப்பஞ்செய்தல் பயிற்சி பெற்றோர் தொழில். தூய டீசலும் தூய வடிகட்டியும் பேணுவோருக்கு அத்தேவை அரிதாகவே நேரும்.