எமனை விடாமல் பின்தொடர்ந்தவள்: 'சாவித்திரி' (1941)

1931இல் முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' வந்து பத்து ஆண்டுகளுக்குப் பின் வெளியான தமிழ்ப் பேசும்படம். ஒய்.வி. ராவ் இயக்கி, சத்தியவானாகவும் நடித்தார். சாவித்திரியாக வந்த மராத்தி நடிகை சாந்தா ஆப்தே இந்த வேடத்துக்காகத் தமிழ் கற்றார். நாரதராக ஆண் வேடமிட்டவர் எம்.எஸ். சுப்புலட்சுமி. அவர் பெற்ற ஊதியம் அதே ஆண்டு 'கல்கி' இதழைத் தொடங்க உதவியது.

கதை இதுதான்: சாவித்திரியின் கணவன் சத்தியவானின் உயிரைப் பாசக்கயிற்றில் கட்டிக்கொண்டு எமன் தெற்கே நடக்கிறான். சாவித்திரி விடவில்லை, அறம் பேசியபடியே பின்னால் போகிறாள். அந்தப் பேச்சில் மகிழ்ந்த எமன், கணவன் உயிரைத் தவிர எதையும் கேள் என்கிறான். மாமனாருக்குக் கண்பார்வை, அவர் இழந்த நாடு, தந்தைக்கு நூறு பிள்ளைகள். அடுத்து, தனக்கும் நூறு பிள்ளைகள். யோசிக்காமல் தந்துவிடுகிறான். கணவன் இல்லாமல் பிள்ளை ஏது? கொடுத்த வாக்கே அவனைக் கட்டிவிட்டது. பெண்ணின் அறிவுக்கு இதைவிடப் பெரிய மரியாதை நம் பழங்கதைகளில் அரிது.

இக்கதையில் எமன் வரம் தருகிறான்; நம் முஸ்லிம் ஊர்களில் மௌத்து (மரணம்) பற்றிய நம்பிக்கை வேறு. உயிரைக் கைப்பற்றும் வானவரான மலக்குல் மௌத்து அல்லாஹ்வின் கட்டளையை நிறைவேற்றுபவர். அவரிடம் வரம் கேட்க முடியாது. தவணை வந்தால் நொடியும் பிந்தாது. ரூஹு (உயிர்) கியாமத் எனும் மறுமை நாள்வரை பர்ஸக் எனும் இடைநிலையில் இருக்கும்.

சாவித்திரியின் கதை, மகாபாரதத்தில் வனவாசத்தில் வருந்திய தருமருக்கு மார்க்கண்டேயர் சொன்னது. அந்த வனவாசத்தைக் கிழக்கிலங்கையின் பாண்டிருப்பு திரௌபதை அம்மன் கோயில் விழாவில் சடங்காக இன்றும் காணலாம். ஒருமுறை போய்ப் பாருங்கள்.