சேமித்தால் உதவிப் பணம் நின்றுவிடும்!

நாலு காசு சேர்த்து வைப்பது தப்பா? அமெரிக்காவில் சிலருக்கு அது தப்புதான்!

அங்கே வருமானம் குறைந்த முதியோருக்கும், கண் தெரியாதவர்களுக்கும், ஊனமுற்றவர்களுக்கும் அரசாங்கம் மாதந்தோறும் பணம் தருகிறது. "எஸ்.எஸ்.ஐ." என்று பெயர். 1974-ல் தொடங்கிய திட்டம். 2025-ல் தனி ஆளுக்கு அதிகபட்சம் 967 டாலர்.

ஆனால், அவர் கையிலும் பாங்கியிலும் சேர்த்து 2,000 டாலருக்கு மேல் இருக்கக் கூடாது. மாதம் பிறக்கும்போது இருக்கும் தொகைதான் கணக்கு. ஒரு டாலர் கூடினாலும் அந்த மாதப் பணம் கிடையாது. பிறகு தெரிய வந்தால், கொடுத்ததைத் திருப்பிக் கேட்பார்கள்.

இது 1989-ல் வைத்த வரம்பு. அதற்குப் பிறகு விலைவாசி இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. வரம்பு ஏறவில்லை. கணவன், மனைவி இருவருக்கும் சேர்த்து 3,000 டாலர்தான்.

குடியிருக்கும் வீடும், ஒரு காரும் கணக்கில் சேராது. அடக்கச் செலவுக்கென்று தனியே ஒதுக்கினால் 1,500 டாலர் வரை விட்டுவிடுவார்கள். கூரை ஒழுகுகிறதே என்று ஒதுக்கினால் விடமாட்டார்கள்!

சம்பாதித்தால்?

ஒருவர் மாதம் 285 டாலர் கூலி வாங்குகிறார். வேறு வருமானம் இல்லை. அதில் 85 டாலரைத் தள்ளிவிடுவார்கள். மீதி 200-ல் பாதி, அதாவது 100 டாலர், உதவிப் பணத்தில் குறையும். இதுவாவது பரவாயில்லை. சேமிப்புக்கு இந்தத் தயவும் இல்லை.

2014-ல் ஒரு வழி பிறந்தது. ஊனமுற்றவர்கள் தனிக் கணக்கு வைக்கலாம். அதில் 1,00,000 டாலர் வரை இருந்தாலும் உதவி நிற்காது. ஊனம் 26 வயதுக்கு முன்பே வந்திருக்க வேண்டும் என்றார்கள். 2026 ஜனவரி முதல் அந்த வயது 46 ஆயிற்று.

ஊனம் இல்லாத ஏழைக் கிழவருக்கு அந்தக் கணக்கும் இல்லை.